எங்கே போனால் ஸ்பானிஷ் பேச வரும்?

ஸ்பானிஷ் கற்பவர்கள் அநேகமாக எல்லாரும் ஒரு கட்டத்தில் வந்து நிற்கும் இடம் இது. இலக்கணம் ஓரளவு பிடிபட்டுவிட்டது. செய்தித்தாளை எடுத்தால் பாதிக்கு மேல் புரிகிறது. ஆனால் எதிரே ஒருவர் நின்று பேசினால் காது திணறுகிறது, வாய் திறப்பதற்குள் பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறது. சில வாரங்களாவது அந்த மொழி புழங்கும் ஊரில் போய் இருந்து பேசிப் பழகினால்தான் இது தீரும் என்று தோன்றுகிறது. அப்படியானால் எந்த ஊர்?

ஜப்பானிய மொழிக்கு இந்தக் கேள்வி எழுவதில்லை, ஜப்பான் ஒன்றுதான். ஸ்பானிஷ் 20 நாடுகளின் ஆட்சிமொழி. ஐரோப்பாவில் ஸ்பெயின், ஆப்பிரிக்காவில் ஈக்குவடோரியல் கினி, மற்ற 18 நாடுகளும் அமெரிக்கக் கண்டத்தில். அமெரிக்க ஐக்கிய நாட்டின் கீழுள்ள புவேர்த்தோ ரிக்கோவிலும் அதுவே மக்கள் மொழி. தாய்மொழியாகப் பேசுபவர்கள் ஏறத்தாழ 50 கோடி. மெக்சிகோவின் மக்கள்தொகையே 13 கோடியைத் தொடுகிறது. ஸ்பெயினில் 5 கோடிக்கும் சற்றுக் குறைவு. ஆகவே ஸ்பானிஷ் பழக ஸ்பெயினுக்குத்தான் போக வேண்டும் என்ற எண்ணத்துக்கு அடிப்படையே இல்லை.

எந்த நாட்டுப் பேச்சு சுத்தமானது, எங்கே செலவு குறைவு, எங்கே பாதுகாப்பு என்றுதான் வழக்கமாக விசாரிக்கிறார்கள். இவை தேவையான கேள்விகள். ஆனால் இவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டிய ஒன்று உண்டு: அந்த ஊரில் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், ஆங்கிலத்துக்குத் தாவ வழியில்லாமல், நான் ஸ்பானிஷில் பேச நேரும்? இந்த அளவுகோலை முதலில் வைத்துப் பார்த்தால் புகழ்பெற்ற பல ஊர்கள் பின்னுக்குப் போகின்றன, அதிகம் பேசப்படாத சில ஊர்கள் முன்னுக்கு வருகின்றன.

ஆய்வுகள் சொல்வது

வெளிநாட்டுக்குப் போய்விட்டால் மொழி தானாக ஒட்டிக்கொள்ளும் என்பது பரவலான நம்பிக்கை. ஆய்வுகள் அதை முழுதாக ஆதரிப்பதில்லை.

பார்பரா ஃபிரீட், நார்மன் செகலோவிட்ஸ், டேன் டூயி ஆகியோர் 2004இல் வெளியிட்ட ஆய்வு பிரெஞ்சு கற்ற அமெரிக்க மாணவர்களைப் பற்றியது. ஒரு குழு சொந்தக் கல்லூரியில் வழக்கமான வகுப்பில் படித்தது. ஒரு குழு பிரான்சுக்குப் போனது. இன்னொரு குழு அமெரிக்காவிலேயே, முழுநேரமும் பிரெஞ்சு பேசும் கோடைக்கால முகாமில் இருந்தது. சரளத்தில் அதிகம் முன்னேறியவர்கள் முகாமில் இருந்தவர்கள். அவர்கள்தான் வாரந்தோறும் அதிக நேரம் பிரெஞ்சைப் பயன்படுத்தியிருந்தார்கள். பிரான்சுக்குப் போனவர்கள் வகுப்புக்கு வெளியே பிரெஞ்சைவிட ஆங்கிலமே அதிகம் பேசியதாகத் தாங்களே தெரிவித்தார்கள். ஆக, மண்ணைவிடப் பேச்சு நேரம் முக்கியம். அமெரிக்காவின் மிடில்பரி கல்லூரி 1915 முதல் கோடைக்கால மொழிப் பள்ளிகளை நடத்துகிறது. கற்கும் மொழியைத் தவிர வேறெதிலும் பேசுவதில்லை என்று மாணவர்கள் அங்கே உறுதி எடுக்கிறார்கள். அதன் வலிமையும் இந்தப் பேச்சு நேரம்தான்.

அதே 2004இல் செகலோவிட்ஸும் ஃபிரீடும் ஸ்பானிஷ் மாணவர்களையும் ஒப்பிட்டார்கள். ஸ்பெயினின் அலிகாந்தே நகரில் ஒரு பருவம் படித்தவர்கள், உள்ளூரிலேயே படித்தவர்களைவிடப் பேச்சுச் சரளத்தில் முன்னேறியிருந்தார்கள். ஆகவே பயணத்தால் பயன் உண்டு. ஆனால் அது எல்லாருக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை.

கையில் என்ன கொண்டு போகிறோம் என்பதும் முக்கியம். அர்ஜென்டினாவுக்கு ஆறு வாரம் போன அமெரிக்க மாணவர்களைப் பற்றி ராபர்ட் டிகெய்சர் 2010இல் எழுதினார். அடிப்படை இலக்கணம் உறுதியாக இல்லாமல் போனவர்களுக்கு, அங்கே கிடைத்த பேச்சு வாய்ப்பைப் பயிற்சியாக மாற்றிக்கொள்ள முடியவில்லை. வினைச்சொல்லின் இறந்தகால வடிவங்கள் மனதில் பதிந்திருந்தால்தான், பேசும்போது அவற்றை எடுத்து எடுத்துப் பழக்கமாக்க முடியும். அவை பதியாதவர் பேசுபவரின் முகத்தைப் பார்த்து ஊகித்தே நாளைக் கடத்துவார். ஐரோப்பிய அளவுகோலில் ஏ2 எனப்படும் இரண்டாம் நிலையையாவது எட்டியபின் கிளம்பினால் பயணச் செலவு வீணாகாது. அதற்கும் முன்னே கிளம்ப நேர்ந்தால், தனி ஆசிரியர் கிடைக்கும் ஊரைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எந்த ஊர்ப் பேச்சு தெளிவானது?

சுத்தமான ஸ்பானிஷ் என்று ஒன்று எங்கேயும் இல்லை. ஸ்பெயினின் வல்லடோலிட் நகரத்தாரும் கொலம்பியாவின் பொகோட்டா நகரத்தாரும் அந்தப் பெருமையைப் பெற்றிருக்கிறார்கள். ஆனால் 1713இல் தொடங்கிய ஸ்பானிஷ் அரச அகாதெமியே இன்று மற்ற நாடுகளின் அகாதெமிகளோடு சேர்ந்துதான் அகராதியும் இலக்கணமும் வெளியிடுகிறது. எல்லா நாட்டு வழக்கும் சம மதிப்புள்ளது.

தெளிவு வேறு விஷயம். புதிதாகக் கேட்பவருக்குச் சில ஊர்ப் பேச்சு எளிதாகப் புரியும், சில புரியாது. இதற்கு நம்பகமான ஒரு குறிப்பை மொழியியலாளர் ஆங்கெல் ரோசென்பிளாட் தந்திருக்கிறார்: லத்தீன் அமெரிக்காவில் மேட்டுநிலத்தார் உயிரொலிகளை விழுங்குகிறார்கள், தாழ்நிலத்தார் மெய்யொலிகளை விழுங்குகிறார்கள். கடற்கரையிலும் தீவுகளிலும் சொல்லின் இறுதி ‘ஸ்’ வெறும் மூச்சாகிவிடும், அல்லது மறைந்தே போகும். மலைநகரங்களில் அந்த ‘ஸ்’ அழுத்தமாக நிற்கும். எழுத்தில் கற்ற சொல்லைக் காதில் அடையாளம் காண மெய்யொலிகளே உதவுவதால், புதியவருக்கு மலைநகரமே வசதி.

இந்தப் பிரிவுக்கு வரலாற்றுக் காரணமும் சொல்லப்படுகிறது. அமெரிக்கக் கண்டத்துக்கான கப்பல் போக்குவரத்தை ஸ்பெயின் 1503 முதல் செவியா நகரிலிருந்து நிர்வகித்தது. தென் ஸ்பெயினின் ஆண்டலூசியப் பேச்சு, கப்பலோட்டிகளின் வழியே கரீபியத் துறைமுகங்களில் இடையறாது வந்து சேர்ந்துகொண்டிருந்தது. உள்நாட்டு மெக்சிகோ நகரமோ அரசப் பிரதிநிதியின் இருக்கையாக இருந்ததால், மத்திய ஸ்பெயினின் நிர்வாக வர்க்கத்தோடு தொடர்பு வைத்திருந்தது. கியூபாவின் ஹவானாவிலும் கொலம்பியாவின் கார்த்தஹேனாவிலும் இன்று கேட்கும் பேச்சு செவியாவின் பேச்சை நினைவூட்டுவதற்கு இந்தக் கடல்வழியே காரணம் என்கிறார்கள்.

விளிப்பிலும் வேறுபாடு உண்டு. ஸ்பெயினில் நண்பர்களைக் கூட்டமாக அழைக்க ‘வொசோத்ரோஸ்’. அமெரிக்கக் கண்டத்தில் அது பேச்சில் இல்லை. அர்ஜென்டினா, உருகுவாய், மத்திய அமெரிக்காவின் பெரும்பகுதி, கொலம்பியாவின் மெடயின் ஆகிய இடங்களில் ஒருமைக்கு ‘வோஸ்’. அதற்கான வினைவடிவமும் தனி. பொகோட்டாவில் அண்ணன் தம்பிக்குள்ளேயே மரியாதைச் சொல்லான ‘உஸ்தெத்’ புழங்கும். சின்னப் பிள்ளைகளையும் ‘வாங்க’ என்று அழைக்கும் கொங்கு நாட்டுப் பேச்சை அறிந்தவர்களுக்கு இது புதிராக இராது. இந்த வேறுபாடுகளை எல்லாம் சில வாரங்களில் காது பழகிக்கொள்ளும். இவற்றுக்காக ஒரு நாட்டை ஒதுக்க வேண்டியதில்லை.

ஸ்பெயின்

ஐரோப்பாவில் வேலையோ படிப்போ திட்டமிடுபவர்களுக்கு ஸ்பெயினே பொருத்தம். ரயிலும் பேருந்தும் நம்பகமானவை, தனியாகச் செல்லும் பெண்களுக்கும் ஊர் பாதுகாப்பானது. ஆனால் ஊரைக் கவனித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். பார்சிலோனாவின் தெருவில் ஸ்பானிஷ் தெரியாதவர் அரிது. இருந்தாலும் பள்ளியிலும் பல குடும்பங்களின் சாப்பாட்டு மேசையிலும் கத்தலான் மொழிதான். சுற்றுலா மையத்திலோ ஆங்கிலம். வலென்சியா, பலேயாரிக் தீவுகள், கலீசியா, பாஸ்க் நாடு ஆகியவற்றுக்கும் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின்படி இணை ஆட்சிமொழிகள் உண்டு. அந்த மொழிகள் போற்றத்தக்கவை, அங்கே போவதும் இன்பம். ஸ்பானிஷ் பேச்சுப் பயிற்சி மட்டுமே நோக்கம் என்றால் அது மட்டுமே ஆட்சிமொழியாக உள்ள உள்நாட்டு நகரங்கள் மேல்.

சலமாங்கா அவற்றில் முதன்மையானது. 1218இல் தோன்றிய பல்கலைக்கழகம், நடந்தே சுற்றிவரக்கூடிய ஊர், தெளிவான உச்சரிப்பு. போகும் மாதத்தைத்தான் பார்க்க வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் உள்ளூர் மாணவர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். மொழி கற்க வந்த வெளிநாட்டவர்களே தெருவை நிறைத்திருப்பார்கள். அக்டோபர் முதல் மே வரை போனால் ஊர் முழுக்க ஸ்பானிஷ் இளைஞர்கள். வல்லடோலிட், லெயோன், சரகோசா ஆகிய நகரங்களில் சுற்றுலாக் கூட்டம் குறைவு என்பதால் பேச்சு வாய்ப்பு இன்னும் கூடும். கிரனாடாவும் செவியாவும் அழகிலும் நட்பிலும் குறையாதவை. ஆண்டலூசியப் பேச்சு மெய்யொலிகளை விழுங்குவதால், ஓரளவு காது பழகியபின் போவது நல்லது.

மெக்சிகோவும் குவாத்தமாலாவும்

மெக்சிகோ வெளிநாட்டவருக்கு ஸ்பானிஷ் கற்றுத் தருவதில் நூறாண்டு அனுபவம் உள்ள நாடு. மெக்சிகோ தேசியத் தன்னாட்சிப் பல்கலைக்கழகம் 1921இல் அதற்கெனக் கோடைப் பள்ளி தொடங்கியது. குவெர்னவாக்கா நகரில் இவான் இல்லிச் 1960களில் நடத்திய மையம், லத்தீன் அமெரிக்காவில் பணியாற்ற வந்தவர்களுக்குத் தீவிர ஸ்பானிஷ் வகுப்புகள் அளித்துப் பெயர் பெற்றது. மையம் 1976இல் மூடப்பட்டாலும் ஊர் மொழிப் பள்ளிகளின் ஊராகவே நிலைத்தது.

மெக்சிகோவின் நடுமேட்டுநிலப் பேச்சு நிதானமானது. தொலைக்காட்சித் தொடர்களாலும் மொழிமாற்றுப் படங்களாலும் லத்தீன் அமெரிக்கா முழுவதும் பழகிய பேச்சும் அதுவே. கான்கூன் கடற்கரையையும், அமெரிக்க ஓய்வூதியர்கள் திரளாகக் குடியேறிய சான் மிகேல் தெ அயெந்தேயையும் இந்த நோக்கத்துக்குத் தவிர்க்கலாம். ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் பல்கலைக்கழக நகரமான குவானஹுவாத்தோ, அண்டை மாநிலத்தின் கெரேத்தாரோ, பெரிய ஊரான புவெப்லா ஆகியவை நல்ல தேர்வு. வஹாக்காவில் வெளிநாட்டவர் அதிகம். இருந்தும் சந்தையும் சமையலும் கைவினையும் பேச்சுக்கு இழுக்கும் ஊர் அது.

குவாத்தமாலாவின் சிறப்பு தனி வகுப்பு. ஸ்பெயினில் குழு வகுப்புக்கு ஆகும் செலவில் இங்கே ஒருவருக்கு ஒரு ஆசிரியர் கிடைப்பார். முற்றத்திலோ தோட்டத்திலோ சின்னச் சின்ன மேசைகள். ஒவ்வொன்றிலும் ஆசிரியரும் மாணவரும் எதிரெதிரே. காலை எட்டு மணிக்குத் தொடங்கி நண்பகல் வரை நாலைந்து மணி நேரம். குழு வகுப்பில் பத்துப் பேருக்கு நடுவே ஒருவர் வாய் திறப்பது சில நிமிடம்தான். இங்கே ஒளிந்துகொள்ள இடமில்லை. நேற்று மாலை என்ன செய்தாய், அப்புறம் என்ன ஆயிற்று, ஏன் அப்படிச் செய்தாய் என்று ஆசிரியர் கேட்டுக்கொண்டே இருப்பார். இறந்தகால வினை தப்பினால் அந்த இடத்திலேயே திருத்துவார். நடுவில் வரும் காப்பி இடைவேளையைக் கவனிக்க வேண்டும். மாணவர்கள் தங்களுக்குள் கூடி ஆங்கிலத்தில் பேசத் தொடங்குவார்கள். அந்த இருபது முப்பது நிமிடமும் ஆசிரியர்களின் மேசைப்பக்கமே இருப்பவருக்கு, எவரும் பாடமாக நடத்தாத ஊர்ப்பேச்சு கிடைத்துவிடும்.

இப்பள்ளிகளுக்குப் பேர்போன ஊர் ஆன்டிகுவா. 1773 நிலநடுக்கத்தில் சிதைந்து, தலைநகர் என்ற தகுதியை இழந்த அழகான பழைய ஊர். ஆனால் அங்குள்ள உணவகங்களில் ஆங்கிலம் சரளம். 2,300 மீட்டர் உயரத்தில் குளிர்ந்து கிடக்கும் கெட்சால்தெனாங்கோ நாட்டின் இரண்டாம் நகரம். வெளிநாட்டவர் குறைவு, பேச்சுக்கு அதுவே மேல். அதித்லான் ஏரிக்கரை ஊர்களின் நிலை வேறு. அங்கே பலருக்கும் தாய்மொழி மாயா மொழிகள். ஸ்பானிஷ் அவர்களுக்கும் பள்ளியில் கற்ற மொழி. குவாத்தமாலாவில் இருபதுக்கும் மேற்பட்ட மாயா மொழிகள் உயிரோடிருக்கின்றன. கற்ற மொழியாகப் பேசுவதால் அவர்கள் நிதானமாகவும் பொறுமையாகவும் பேசுகிறார்கள், தொடக்க நிலையினருக்கு அது உதவும். தெருவிலும் சந்தையிலும் காதில் விழுவதோ மாயா மொழியாக இருக்கலாம் என்பதையும் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

ஆண்டிஸ் மலைநாடு

கொலம்பியாவின் பொகோட்டா 2,600 மீட்டர் உயரம். மொழியாராய்ச்சிக்கென 1942இல் தொடங்கிய காரோ இ குவெர்வோ நிறுவனம் அங்கே இருக்கிறது. வெளிநாட்டவருக்கு ஸ்பானிஷும் கற்றுத் தருகிறது. பெருநகரத்தின் நெரிசல் வேண்டாம் என்பவர்களுக்கு மனிசாலெஸ் போன்ற நடுத்தரப் பல்கலைக்கழக நகரங்கள் உண்டு. மெடயின் இனிய ஊர். ஆனால் வெளிநாட்டவர் குடியிருக்கும் எல் பொப்லாதோ பகுதியில் தங்கினால் ஸ்பானிஷ் தேவையே இல்லாமல் நாள் ஓடிவிடும்.

பெருவின் கூஸ்கோவுக்கு மச்சு பிச்சு பார்க்க உலகமே வருகிறது. அதனால் அங்கே சேவைத் தொழிலில் இருப்பவர்கள் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறார்கள். ஊர் 3,400 மீட்டர் உயரத்தில் இருப்பதால் முதல் சில நாள் தலைவலியும் மூச்சுத்திணறலும் வகுப்பைக் கெடுக்கும். 2,300 மீட்டரில் உள்ள அரெக்கிப்பா இரண்டு வகையிலும் மேல். பொலிவியாவின் சூக்ரேயில் 1624இல் நிறுவிய பல்கலைக்கழகம் இருக்கிறது. செலவு குறைவு, பேச்சு நிதானம், ஊர் அமைதி. குறைந்த பணத்தில் நீண்ட நாள் தங்க நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்லும் பெயர் இதுதான். எக்வடோரின் கீட்டோவும் குவென்காவும் நெடுங்காலமாக நல்ல பள்ளிகள் உள்ள ஊர்கள். 2024 ஜனவரியில் அந்நாட்டு அரசு கும்பல் வன்முறைக்கு எதிராக உள்நாட்டு ஆயுத மோதல் நிலையை அறிவித்தது. போகுமுன் அன்றைய நிலையை விசாரிப்பது கட்டாயம்.

கடலோரமும் தெற்கும்

கியூபா, டொமினிக்கன் குடியரசு, கொலம்பியாவின் கரீபியக் கரை ஆகிய இடங்களில் மனிதர்கள் வாசலில் உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசுவார்கள். பேச்சு நேரம் என்ற அளவுகோலில் இவை உயர்ந்த இடங்கள். வேகமும் விழுங்கும் மெய்யொலிகளும்தான் தடை. நடுநிலை தாண்டியவர்களுக்கு இதைவிட நல்ல காதுப்பயிற்சி இல்லை. சிலியும் அப்படியே, வட்டாரச் சொற்கள் நிறைந்த விரைவான பேச்சு. இந்த ஊர்களில் பழகிய காதுக்கு மற்ற ஊர்கள் எல்லாம் எளிது.

அர்ஜென்டினாவின் புவேனோஸ் ஐரிஸ் பேச்சில் இத்தாலியக் குடியேறிகளின் ராகம் இருக்கிறது. ‘ய’ ஒலி வரவேண்டிய இடத்தில் ‘ஷ’ ஒலிக்கும். நகரத்தின் நூல்கடை, நாடகம், காப்பிக்கடை விவாதம் எல்லாம் பேச்சை வளர்ப்பவை. பணவீக்கத்தால் செலவுக் கணக்கு அடிக்கடி மாறும். 1613இல் தோன்றிய பல்கலைக்கழகத்தைக் கொண்ட கோர்தோபாவில் மாணவர் கூட்டம் அதிகம், வெளிநாட்டவர் குறைவு.

ஊருக்குள் எப்படி வாழ்வது

சரியான ஊரில் தவறாக வாழ்ந்தால் பயனில்லை. கடைப்பேச்சு நாலு வாக்கியத்தில் முடிந்துவிடும்: வணக்கம், என்ன விலை, அரைக் கிலோ கொடுங்கள், நன்றி. இரண்டாம் வாரத்தில் இதில் கற்க எதுவும் மிஞ்சாது. கதை சொல்லவும் காரணம் கேட்கவும் மறுத்துப் பேசவும் வைக்கும் உறவு வேண்டும். நடன வகுப்பு, கால்பந்துக் குழு, தேவாலயப் பாடற்குழு, சமையல் பட்டறை என்று ஒரே முகங்களை வாரத்தில் பலமுறை பார்க்கும் இடத்தில்தான் அது அமையும்.

குடும்பத்தோடு தங்குவது நல்லது என்று எல்லாரும் சொல்வார்கள். வில்லியம் ரிவர்ஸ் 1998இல் வெளியிட்ட, ரஷ்யா சென்ற அமெரிக்க மாணவர்களைப் பற்றிய ஆய்வு, குடும்பங்களில் தங்கியவர்கள் விடுதியில் தங்கியவர்களைவிடப் பேச்சில் முந்தவில்லை என்று காட்டியது. வீட்டுப் பேச்சு ‘சாப்பிட்டாயா, தூங்கினாயா’ என்ற அளவில் நின்றுவிடலாம் என்பதை இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஆகவே பள்ளியிடம் மூன்று விஷயம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்: அந்த வீட்டில் ஒரே நேரத்தில் எத்தனை வெளிநாட்டு மாணவர்கள் தங்குகிறார்கள்? குடும்பத்தோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் வழக்கம் உண்டா? பொருந்தவில்லை என்றால் வீடு மாற்றித் தருவார்களா? ஸ்பெயினிலும் லத்தீன் அமெரிக்காவிலும் மதிய உணவே பெரிய உணவு. தட்டுகளை எடுத்த பிறகும் மேசையை விட்டு எழாமல் பேசிக்கொண்டிருப்பது குடும்ப வழக்கம். அந்த நேரத்துக்கு வீட்டில் இருக்கும்படி வகுப்பை அமைத்துக்கொள்வது, பாடநூல் இன்னொன்று வாங்குவதைவிடப் பயன் தரும்.

நாடு நாடாகத் தாவுவதையும் தவிர்க்க வேண்டும். ஆறு வாரத்தில் ஆறு ஊர் பார்ப்பவர் தன் பெயர், ஊர், தொழிலைத்தான் ஆறு முறை சொல்லிப் பழகுவார். ஒரே ஊரில் ஆறு வாரம் இருப்பவரோடு ஊர்க்காரர்கள் தங்கள் கவலைகளைப் பேசத் தொடங்குவார்கள்.

தமிழ் பேசுபவருக்கு

நமக்குச் சில கூடுதல் வசதிகள் உண்டு. ஸ்பானிஷின் ஐந்து உயிர்களும் நம் அ, எ, இ, ஒ, உவுக்கு மிக அருகில். ‘ஞ’ ஒலியும் நமக்கு உண்டு. ‘ப’, ‘த’, ‘க’ ஒலிகளை மூச்சழுத்தம் இல்லாமல் சொல்வது நமக்கு இயல்பு. ஆங்கிலேயர் அதற்குத் தனியே பழக வேண்டும். சொல்லின் நடுவில் வல்லொலி மென்மையாவதும் இரு மொழிக்கும் பொது. ஒற்றை ரகரமும் உருட்டும் ரகரமும் பொருளை மாற்றும் என்பது, ரகர றகர வேறுபாட்டைப் பேச்சிலும் காக்கும் குமரி மாவட்டத்தாருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வினைமுற்றே எழுவாயைக் காட்டிவிடுவதும் நமக்குப் பழக்கமானதே.

விசாவைப் பொறுத்தவரை, ஸ்பெயினுக்கு ஷெங்கன் விசா வேண்டும். குறுகிய காலத் தங்கல் 180 நாளில் 90 நாள் வரைதான். செல்லுபடியாகும் அமெரிக்க விசா உள்ள இந்தியப் பாஸ்போர்ட்காரர்களை மெக்சிகோ தனி விசா இல்லாமல் அனுமதித்து வருகிறது. விதிகள் மாறக்கூடியவை, டிக்கெட் எடுக்குமுன் அந்தந்தத் தூதரகத்தில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். பயணத்துக்கு முன் அடித்தளம் போட, டெல்லியில் ஸ்பெயின் அரசின் செர்வாந்தஸ் நிறுவனக் கிளை இருக்கிறது.

தேர்வின் வரிசை

தொடக்க நிலையில் இருப்பவர் கெட்சால்தெனாங்கோவுக்குப் போய்த் தனி ஆசிரியரிடம் படிக்கட்டும். நடுநிலையில் இருப்பவர் குவானஹுவாத்தோ, அரெக்கிப்பா, சூக்ரே, சலமாங்கா போன்ற நடுத்தர மேட்டுநில நகரம் ஒன்றில் ஆறு வாரமாவது தங்கட்டும். சரளம் வந்தவர் ஹவானாவுக்கோ செவியாவுக்கோ சிலியின் சாந்தியாகோவுக்கோ போய்த் தன் காதைச் சோதிக்கட்டும். ஐரோப்பாவிலோ குறிப்பிட்ட ஒரு நாட்டிலோ வாழப்போகிறவருக்கு அந்த நாடேதான் பதில்.

இந்த ஊர்களில் எதற்கும் போக வசதியில்லாதவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. ஃபிரீட் குழுவின் ஆய்வில் முந்தியவர்கள் நாட்டை விட்டு வெளியே போகாதவர்கள். பேச்சு நேரத்தைத் தாங்களே உண்டாக்கிக்கொண்டதால் முந்தினார்கள். விமானம் ஏறுபவரும் அதையேதான் செய்ய வேண்டும். நாளுக்கு நாலு மணி நேரமாவது ஸ்பானிஷில் பேச வைக்கும் ஊரையும் வீட்டையும் தேடுங்கள். எந்த நாடு என்ற கேள்வியில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.